மார்க்ஸ் சொல்லும் 'அந்நியமாதல்' என்றால் என்ன?

நம்மிடமிருந்து பிறந்த ஒன்றே நம் கையை விட்டுப் போய், வேற்றாள் போல நம் முன் வந்து நின்று நம்மை ஆட்டுவிப்பதுதான் அந்நியமாதல்.

மார்க்ஸுக்கு முன்பே, 1841இல் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் இதை மதத்தில் பார்த்தார். அன்பு, அறிவு, ஆற்றல் என்று தன்னிடம் உள்ள நல்லதையெல்லாம் மனிதன் கடவுள் மேல் ஏற்றிவிட்டு, அப்புறம் அவர் முன் தன்னை ஒன்றுமில்லாதவனாக எண்ணுகிறான் என்றார். 1844இல் பாரிஸில் இருந்த மார்க்ஸ், தான் எழுதிய குறிப்புகளில் அதே யோசனையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். (அந்தக் குறிப்புகள் முழுமையாக அச்சேறியது 1932இல்தான்!)

காரணம் எளிது. தொழிலாளி தன் உழைப்பைக் கூலிக்கு விற்கிறார். விற்றபின் அந்த நேரமும் அதில் உருவாகும் பொருளும் வாங்கியவருக்குச் சொந்தம். எதை, எப்படி, எவ்வளவு வேகத்தில் செய்வது என்பதும் தொழிலாளியின் முடிவல்ல. பக்கத்தில் வேலை செய்பவர்கூடப் போட்டியாளராகிவிடுகிறார்.

தையலை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பாவாடை தைக்கும் அம்மா துணி, அளவு, பூவேலை எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறார். அதைப் போட்டுக்கொண்டு மகள் ஓடுவதையும் பார்க்கிறார். அதே அம்மா ஆயத்த ஆடை ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக்குக் காலர் மட்டும் வைக்கிறார். அதை யார் போடுவார்கள் என்று தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்ற கணக்கு மட்டும் தெரியும். கை ஒன்றுதான், தையலும் ஒன்றுதான்.

பலர் இதைத் தனிமை அல்லது வேலைச் சலிப்பு என்று நினைக்கிறார்கள்; மார்க்ஸ் பேசியது மனநிலையைப் பற்றி மட்டுமல்ல, உழைப்பைக் கூலிக்கு விற்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி, அதனால் நல்ல சம்பளம் வாங்கிச் சிரித்துக்கொண்டே வேலை செய்பவரும் அவர் கணக்கில் அந்நியமானவர்தான்.