முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

புரட்டாதி பிறந்து காற்றில் குளிர் ஏறத் தொடங்கினால் ஹொட் டப், அதாவது உள்ளே இறங்கி இருக்கும் வெந்நீர்த் தொட்டி, பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினேழு வருடமாக இதைத் திருத்தும் வேலை செய்கிறேன். விற்பது என் வேலை இல்லை. அதனால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

தம்பி, எனக்கும் இவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இவருக்கு முழங்கால் வலி, பனிக்காலத்தில் கூடுகிறது. பின்வளவில் ஹொட் டப் வைத்துத் தருகிறேன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு கடையில் அறுபது ஜெற் என்கிறார்கள், இன்னொரு கடையில் நிறம் மாறும் லைற், பாட்டு என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? – மார்க்கம் வாசகி

அக்கா, கடைக்குள் போனதும் ஜெற்றை, அதுதான் தண்ணீரைப் பீய்ச்சும் வாய்களை, எண்ண வேண்டாம். மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

சூடு தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் அதிகம் போகும். அதனால் மாதாமாதம் வரும் கரண்ட் பில்லைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு மூடிக்கு. நடுவில் 4 அங்குலம், ஓரத்தில் 2 அங்குலம் தடிப்பு என்பது பரவலாக விற்கும் அளவு. எங்கள் குளிருக்கு நடுவில் 5, ஓரத்தில் 4 கேளுங்கள். நடு உயர்ந்து ஓரம் சரிந்திருந்தால்தான் உருகும் பனித்தண்ணீர் வழிந்தோடும். மூடி இரண்டாக மடியும் இடத்தில் ஒரு இடைவெளி இருக்கும். அதை முழு நீளத்துக்கும் அடைக்கும் பட்டி உண்டா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

ஒரு தை மாதம் பிக்கரிங்கில் ஒரு வீட்டுக்குப் போனேன். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, ஹீற்றர் பழுதாக இருக்கும் என்று கூப்பிட்டிருந்தார்கள். முதல்நாள் இரவு பனி கொட்டியிருந்தது. பின்வளவு முழுக்க வெள்ளை. மூடியின் மேலும் பனிதான், ஆனால் நடுவே மட்டும் கோடு கிழித்த மாதிரிக் கறுப்பாக ஒரு வரி, அதிலிருந்து மெல்லிய ஆவி. ஒரு பாதியைத் தூக்கப் போனேன், அசையவில்லை. வீட்டுக்காரர் மற்றப் பக்கம் பிடிக்க, இருவருமாகத்தான் இறக்கினோம். உள்ளே நுரைப்பலகையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை ஓரத்தில் பிரிந்து, ஆவி புகுந்து, பலகை பஞ்சு போலத் தண்ணீர் குடித்திருந்தது. ஹீற்றரில் ஒரு பிழையும் இல்லை. நனைந்த மூடி சூட்டைத் தடுக்காது, அவ்வளவுதான். பனி விழுந்த மறுநாள் காலை உங்கள் மூடியின் மேல் பனி உருகாமல் சமனாகக் கிடந்தால், நீங்கள் நல்ல மூடி வாங்கியிருக்கிறீர்கள்.

மூடி சரி என்றால், டப்பின் பக்கப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டோம் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். உள்ளே இரண்டு விதம் இருக்கும். ஒன்றில் குழாய்கள் எல்லாம் இறுகிய நுரைக்குள் (ஃபோம்) புதைந்திருக்கும். மற்றதில் சுவரோரம் மட்டும் நுரையோ வெள்ளித்தாளோ இருக்கும், நடு வெறுமை. முதலாவது சூட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் குழாய் ஒழுகினால் நுரையைச் சுரண்டி எடுத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதைத் திருத்துவது எனக்கு லேசு, ஆனால் எலிக்கும் அது நல்ல வீடு. மார்கழியில் குளிருக்கு ஒதுங்கிய எலி வயரைக் கடித்து வைத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோவில் வருடம் முழுக்கப் பாவிப்பதென்றால் முழுதாக நுரை நிரப்பியதைத்தான் நான் சொல்வேன்.

பலகை திறந்திருக்கும்போதே கட்டுப்பாட்டுப் பெட்டியில் யாருடைய பெயர் என்று வாசியுங்கள். கியூபெக்கின் கெக்கோ, கலிபோர்னியாவின் பல்போவா போன்ற நிறுவனங்களின் பெட்டி என்றால், விற்ற கடை நாளைக்கு மூடினாலும் யாரும் உதிரிப்பாகம் வாங்கிப் பூட்டலாம். கடையோ தயாரிப்பாளரோ தனக்கென்று செய்வித்த பெட்டி என்றால் அவர்களைத்தான் நம்பி இருக்க வேண்டும். ஒரு குடும்பம் வாங்கிய இரண்டாம் வருடமே கடை மூடிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகைக்காகப் பனிக்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். அந்த வீட்டு ஐயாவின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இனி ஜெற். பம்ப் தள்ளும் தண்ணீரைத்தான் எல்லா ஜெற்றும் பங்குபோடுகின்றன. நல்ல பம்ப்புடன் முப்பது ஜெற் தசையைப் பிடித்துவிடும். அதே பம்ப்பில் அறுபது ஜெற் வைத்தால் ஒவ்வொன்றும் கூச்சம் காட்டும், வலி போகாது. குதிரைவலு எவ்வளவு என்று கேட்டால் சிலர் உச்ச அளவைச் சொல்வார்கள். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்புறம், குளிக்கும் உடுப்பைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் இருந்து பாருங்கள். நல்ல கடைகளில் இதற்கென்றே தண்ணீர் நிரப்பிய டப் வைத்திருப்பார்கள். வெட்கப்பட வேண்டாம் அக்கா, பத்தாயிரம் டொலர் பொருள் இது. எங்கள் அம்மாமார் பலர் உயரம் குறைவு. சாய்ந்து படுக்கும் இருக்கை பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கால் எதிர்ப்பக்கம் முட்டாவிட்டால் உடம்பு மேலே மிதந்து வந்துவிடும், ஜெற் முதுகில் படாது. நிமிர்ந்து இருக்கும் இருக்கையில் பாதம் தரையில் ஊன்றுகிறதா, தண்ணீர் கழுத்துக்குக் கீழே நிற்கிறதா, கெண்டைக்காலுக்கு நேரே ஜெற் வருகிறதா என்று ஐயாவை இருத்திப் பாருங்கள். விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். வலிக்கும் முழங்காலுடன் அதைத் தாண்ட அகலமான இரண்டு படியும் இறுக்கமான கைப்பிடியும் கட்டாயம். லைற்றுக்கு வைத்த காசை இதற்குக் கொடுங்கள்.

மூட்டுவலிக்கும் இந்தப் பொருளுக்கும் பழைய உறவு இருக்கிறது. எல்லோரும் வாயில் வைத்திருக்கும் ஜக்கூசி என்ற பெயர், இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர். அவர்களில் கன்டிடோ ஜக்கூசி என்பவரின் மகனுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். அவனுக்காகக் குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கும் பம்ப் ஒன்றைச் செய்தார். 1950களில் அது விற்பனைக்கு வந்தது. பிள்ளையின் வலியைப் பார்த்து ஒரு தகப்பன் செய்தது என்பதால் எனக்கு இந்தத் தொழில் மேல் தனி மதிப்பு.

ஐயாவுக்கு 38 பாகை செல்சியஸ் போதும். 40க்கு மேல் போகவே கூடாது. ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம். பிரஷர், சீனி, இருதயம் என்று மருந்து எடுப்பவரானால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

அண்ணை, எங்கள் வீட்டுப் பின்பக்க மர டெக் நல்ல உறுதி. சாப்பாட்டு மேசை போட்டு இருபது பேர் இருந்திருக்கிறோம். ஆறு பேர் இருக்கும் டப்பை அதன் மேல் வைக்கலாமா? – ஏஜாக்ஸ் வாசகர்

வைக்க வேண்டாம் தம்பி. கணக்கை நீங்களே பாருங்கள். 7 அடிக்கு 7 அடி டப்பில் ஏறக்குறைய 1,500 லீற்றர் தண்ணீர், அதாவது 1,500 கிலோ. வெறும் டப் 350 கிலோ. ஆறு பேர், ஆளுக்கு 75 கிலோ என்றால் 450. கூட்டினால் 2,300 கிலோ. சதுர மீற்றருக்கு 500 கிலோ வருகிறது. சாதாரண வீட்டு டெக் சதுர மீற்றருக்கு 190 கிலோ அளவைத் தாங்கத்தான் கட்டப்படுகிறது. இருபது பேர் பரந்து இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். இந்தப் பாரம் ஒரே இடத்தில், இரவும் பகலும் நிற்கும்.

தரையில் வையுங்கள். சல்லி போட்டு இடித்து இறுக்கி, கம்பி வலை வைத்து 4 அங்குலக் கொங்கிறீற் தளம். மண் பனியில் உறைந்து எழும்பும் ஊர் இது, அதனால் சல்லிப் படுக்கையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டெக்கில்தான் வேண்டும் என்றால் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும்.

வாங்கமுன் வீட்டுப் பக்கத்து ஒழுங்கையை அளந்துகொள்ளுங்கள். டப்பைப் பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் உருட்டி வருவார்கள். கேற் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு, சுவரில் துருத்தி நிற்கும் காஸ் மீற்றரை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் கிரேன் பிடித்துக் கூரைக்கு மேலால் இறக்க வேண்டி வரும்.

சுவரில் சும்மா சொருகும் 120 வோல்ற் டப் மலிவாக இருக்கிறது. எலக்ட்ரீஷியன் செலவும் இல்லை. அதை வாங்கினால் என்ன? – பிரம்டன் வாசகி

வெயில் காலத்துக்கு என்றால் வாங்கலாம், தங்கச்சி. பனிக்காலத்துக்கு யோசியுங்கள். 5 பாகையில் குழாயால் வரும் 1,500 லீற்றர் தண்ணீரை 38 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 58 யூனிற் மின்சாரம் வேண்டும். 120 வோல்ற்றில் ஹீற்றர் பெரும்பாலும் 1 கிலோவாற்தான் இருக்கும். அப்படியானால் 58 மணித்தியாலம், இடையில் வெளியே போகும் சூடு வேறு. 240 வோல்ற்றில் 5.5 கிலோவாற் ஹீற்றர் அதே வேலையைப் பத்துப் பதினொரு மணித்தியாலத்தில் முடிக்கும். சொருகும் வகையில் பலதிலும் பம்ப் வேகமாக ஓடும்போது ஹீற்றர் நின்றுவிடும். தை மாத இரவில் அரை மணித்தியாலம் மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் ஆறத் தொடங்கும், நீங்கள் இறங்கிய நேரத்திலேயே.

240 வோல்ற் என்றால் பெரும்பாலும் 50 அம்பியர் தனிப் பிறேக்கர், மின்கசிவு கண்டால் உடனே துண்டிக்கும் வகை. ஒன்ராறியோவில் ஆள் பிடித்து இதைச் செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துச் செய்ய வேண்டும். தெரிந்த பொடியன் குறைந்த கூலிக்குப் பூட்டித் தருவான் என்று தயவுசெய்து விடாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கப்போவது உங்கள் பிள்ளைகள். வீட்டில் மின்சாரக் காருக்கு ஏற்கெனவே சார்ஜர் பூட்டியிருந்தால், பிரதான இணைப்பு இரண்டையும் தாங்குமா என்றும் கேளுங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை விலை குறையும் கட்டண முறை 2023 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்தால் சூடாக்கும் நேரத்தை அதற்குள் தள்ளிவிடலாம்.

காற்று நிரப்பும் டப்? – ஸ்காபரோ வாசகர்

சித்திரை முதல் ஐப்பசி வரை சந்தோஷமாகப் பாவியுங்கள். பெரும்பாலானவற்றின் கையேட்டிலேயே 4 பாகைக்குக் கீழே பாவிக்க வேண்டாம் என்று போட்டிருக்கும்.

பழையது ஒன்று அரைவிலைக்கு வருகிறது, நம்பலாமா? – விற்பி வாசகர்

தண்ணீர் நிறைந்து, சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் நம்பலாம். வெறுமையாகப் பின்வளவில் கிடந்தது என்றால் நான் வாங்க மாட்டேன். குழாயில் மிஞ்சிய தண்ணீர் ஒரு பனிக்காலத்தில் உறைந்து வெடித்திருக்கும், நிரப்பிய பிறகுதான் தெரியும். இன்னொன்று, புது மூடிக்கு வேறாகச் சில நூறு டொலர் ஒதுக்கி வையுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? – ஓஷவா வாசகி

2013 மார்கழியில் உறைபனி மழை பெய்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் வீட்டில் இருந்ததே குறைவு. அப்போது தப்பியவை எவை என்றால், நல்ல மூடியும் முழு நுரையும் இருந்தவை. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மேலே பழைய கம்பளி போட்டு விடுங்கள். முதலில் உறைவது பம்ப்புக்குப் பக்கத்துச் சின்னக் குழாய்கள்தான், நடுத் தண்ணீர் அல்ல. இரண்டாம் நாளும் கரண்ட் வரவில்லை என்றால் திருத்துபவரைக் கூப்பிட்டுத் தண்ணீரை முழுதாக வெளியேற்றுங்கள்.

அண்ணை, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறா. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுகிற பழக்கம். முழுகிவிட்டு டப்பில் இருக்க ஆசைப்படுகிறா. மருமகள் ஐந்து மாதம், பேரனுக்கு நாலு வயது. எல்லோரும் இறங்கலாமா? – மிசிசாகா வாசகி

மருமகளும் பேரனும் வேண்டாம். கர்ப்பத்தில் உடம்புச் சூடு ஏறுவது பிள்ளைக்கு நல்லதல்ல. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களை விட வேகமாகச் சூடேறும். பேரன் வீட்டில் இருக்கும்வரை மூடியின் நாலு பூட்டும் பூட்டியே இருக்கட்டும். வேலி பற்றிய விதி நகரத்துக்கு நகரம் வேறு, நகரசபையில் கேளுங்கள்.

அம்மா விஷயம் எனக்குப் பழக்கமானது. போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு வீட்டில் ஃபில்டரைக் கழற்றினேன். வெள்ளைத் தாள் மடிப்பெல்லாம் மஞ்சளும் சாம்பலுமாக வழுவழுத்து இருந்தது, சீயாக்காய் மணம் வந்தது. தண்ணீர் மட்டத்தில் சுற்றிவரப் பிசுபிசுவென்று ஒரு வளையம். எண்ணெயும் சவர்க்காரமும் நுரை கட்டும், ஃபில்டரை அடைக்கும், கிருமிநாசினியைத் தின்றுவிடும். கிருமிநாசினி குறைந்த சூடான தண்ணீரில் சூடோமோனாஸ் என்ற கிருமி பெருகி உடம்பெல்லாம் சிவந்த பருக்கள் போடும். லெஜியோனெல்லா என்றால் ஆவியோடு நுரையீரலுக்குள்ளேயே போகும், வயதானவர்களுக்கு ஆபத்து. அதனால் சோதனைப் பட்டியை டப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, இறங்கமுன் பாருங்கள். குளோரின் 3 ppmக்கு (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) குறையக் கூடாது, புரோமின் என்றால் 4க்கு. பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில். ஃபில்டரை வாரம் ஒருமுறை அலசுங்கள், தண்ணீரை மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அம்மாவின் முழுக்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன். முழுகுவது சனிக்கிழமை, டப் திங்கட்கிழமை என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தலையை இன்னொரு முறை சம்பூ போட்டு அலசிவிடட்டும். இறங்கும்போது கூந்தலைக் கொண்டையாக முடிந்து, வெள்ளிக் கொலுசு இருந்தால் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், கறுத்துவிடும். அவ இருக்கும் நேரம் முழுக்க யாராவது பக்கத்தில் இருங்கள். வெளியே ஏறும்போதுதான் தலை சுற்றும். உள்ளங்கால் வழுக்காத பாய் ஒன்றைப் படிக்குக் கீழே விரித்து, தடித்த துவாயைக் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள்.