காட்டேஜை 'கிளப்' நடத்த வாடகைக்கு விடலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் எனக்கு ஒரு காட்டேஜ் இருக்கிறது. சீசன் போக மற்ற மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஐந்து வருடத்துக்குக் கேட்கிறார். சுற்றுலா வருகிறவர்களுக்காக போக்கர், ரூலட் சக்கரம், 'உள்ளே வெளியே' சீட்டாட்டம் எல்லாம் வைத்து கிளப் நடத்துவாராம். மாதம் 60,000 ரூபாய் வாடகை, அதுபோக வசூலில் நூற்றுக்குப் பத்து எனக்கு. "கோவாவில் அனுமதி, சிங்கப்பூரில் அனுமதி, நம் அரசும் சீக்கிரம் கொடுத்துவிடும். அதுவரை மனமகிழ் மன்றம் என்று பதிவு செய்துகொள்ளலாம்" என்கிறார். மகள் கல்யாணச் செலவுக்காக 2 லட்சம் முன்பணம் வாங்கிவிட்டேன். பத்திரம் எழுதவில்லை, சாவியும் கொடுக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, சாவி உங்கள் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று. அதைக் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்ன ஊர்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். சூதாட்டம் நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில், அதாவது அந்தந்த மாநிலமே சட்டம் போடும் விஷயங்களில் வருகிறது. அதனால் கோவாவின் அனுமதி கோவாவோடு நின்றுவிடும். அங்கேயும் கண்ட வீட்டில் நடத்த முடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களிலும் கப்பல்களிலும் மட்டும், உரிமத்தோடு அனுமதித்தார்கள். சிங்கப்பூரில் நாடே இரண்டுபட்டு விவாதித்த பிறகு, கேசினோ எனும் சூதாட்ட விடுதிகளை அனுமதிக்கும் முடிவை 2005 ஏப்ரலில் அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. கேசினோ திறந்தது 2010இல், அதுவும் இரண்டே இடத்தில். சொந்தக் குடிமக்கள் உள்ளே போக நாளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கட்டணம் வைத்தார்கள். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். குடும்பத்தில் ஒருவர் சூதில் விழுந்துவிட்டால், வீட்டாரே மனுப்போட்டு அவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி உண்டு. அனுமதித்த அரசே அவ்வளவு பயந்து அனுமதித்திருக்கிறது. மேகாலயாவில் 2021இல் சூதாட்டத்தை அனுமதிக்கும் சட்டமே நிறைவேறியது. மக்கள் எதிர்த்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அங்கே நிலைமை அப்படி இருக்க, வராத சட்டத்தை நம்பி நீங்கள் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவது எப்படி?

நம் மாநிலத்தில் 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒரு வீட்டில் சீட்டு, பகடை போன்றவற்றை வைத்து, வீட்டுக்காரரோ நடத்துபவரோ லாபம் பார்த்தால் அது 'பொதுச் சூதாட்ட வீடு'. நடத்தியவர் மட்டுமல்ல, தெரிந்தே இடம் கொடுத்தவரும் குற்றவாளிதான். "வாடகைக்கு விட்டேன், உள்ளே நடப்பது எனக்கென்ன தெரியும்" என்று நீங்கள் சொல்ல முடியாது. வசூலில் பத்து சதவீதம் வாங்குகிறவரை எந்த நீதிமன்றமும் வெறும் வீட்டுக்காரராகப் பார்க்காது. நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் பயமுறுத்தியது அந்தப் பத்து சதவீதம்தான்.

ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லியிருக்கிறது என்று அவர் வாதாடக்கூடும். உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பு, பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப்போ வீட்டுக்காரரோ லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்கிறது. ரூலட்டிலும் 'உள்ளே வெளியே'யிலும் திறமை என்று சொல்ல என்ன இருக்கிறது? மனமகிழ் மன்றம் என்று சங்கப் பதிவு வாங்கினாலும் அது சூதுக்கு உரிமம் ஆகாது. அந்தப் பலகையை மாட்டிக்கொண்டு நடத்தியவர்கள் மீதும் வழக்குகள் உண்டு.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு வீடு என்று வரைபட அனுமதி வாங்கினீர்களா, வணிகப் பயன்பாட்டுக்கா? கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். போலீஸ் ஒரு நாள் சோதனைக்கு வந்தால், பின்னாலேயே இந்தக் கேள்வியும் வரும். சீல் விழுந்த காட்டேஜை விற்பதும் கஷ்டம், அடமானம் வைப்பதும் கஷ்டம்.

சரி, வாடகையாவது உறுதியா என்றால் அதுவும் இல்லை. சட்டவிரோத நோக்கத்துக்கான ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அவர் ஆறு மாத வாடகையை நிறுத்திவிட்டால், நீங்கள் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது.

மலைக்கு வருமானம் வேண்டும், இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏலச்சீட்டுப் பணத்தையும் மனைவியின் நகையையும் சீட்டுக்கட்டில் தொலைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வழியில் வரும் வருமானம் நம் மலைக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இந்த வாரமே 2 லட்சத்தை வங்கி மூலம் அவர் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். செலவாகிவிட்டிருந்தால், கைமாற்று வாங்கியாவது கொடுத்துவிடுங்கள். கூடவே, "இந்த நோக்கத்துக்கு இடம் தர விருப்பமில்லை" என்று எழுதி, கொடுத்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவர் கேட்டதற்கும் நீங்கள் மறுத்ததற்கும் அந்தத் தபாலும் இந்தச் செய்திகளும்தான் சாட்சி. நஷ்டஈடு கொடு என்று மிரட்டினால் பணம் எதுவும் கொடுக்காமல் கொடைக்கானல் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.