வாசகர் கேள்வி – பதில்: இணையவழித் தொலைபேசியும் காப்புரிமை வழக்குகளும்

கேள்வி: குரலை இணையத்தின் வழியே அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்த தொழில்நுட்பம். அப்படியிருக்க, இச்சேவை தரும் நிறுவனங்கள் மீது பழைய தொலைபேசி நிறுவனங்கள் எந்த அடிப்படையில் காப்புரிமை வழக்குத் தொடுக்கின்றன? தோற்றால் சேவையே நின்றுவிடுமா?

பதில்: குரலை அனுப்பும் கருத்துக்கு யாரும் தனியுரிமை கோரவில்லை, அதைச் செயல்படுத்தும் வழியில் வரும் குறிப்பிட்ட படிகளுக்கே கோருகிறார்கள். நீங்கள் சாதாரணத் தொலைபேசி எண்ணை அழுத்தும்போது, அந்த எண்ணுக்கு உரிய இணைய முகவரியைச் சேவை நிறுவனத்தின் சர்வர் கண்டறிந்து தரவேண்டும். அமெரிக்காவில் வெரைசன் என்ற பெரிய தொலைபேசி நிறுவனம், இணையவழித் தொலைபேசிச் சேவை தரும் வோனேஜ் மீது 2006-இல் தொடுத்த வழக்கில் முக்கியமாக விளங்கிய இரண்டு காப்புரிமைகள், இந்த எண்–முகவரி மாற்றத்தைப் பற்றியவைதாம். இந்தப் படி இல்லாமல் பழைய தொலைபேசி வலைப்பின்னலில் உள்ளவரை அழைப்பது கடினம் என்பதால், பாலத்தின் ஒரு தூணுக்கு உரிமை பெற்றவர் பாலம் முழுவதையும் மறிக்கும் நிலை உண்டாகிறது.

2007 மார்ச்சில் வர்ஜீனியாவில் ஜூரி மூன்று காப்புரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டு, 5 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடும், இனிவரும் வருவாயில் 5.5 சதவீத உரிமத்தொகையும் விதித்தது. ஆனால் என் கருத்தில் வோனேஜை உண்மையில் உலுக்கியது இந்தத் தொகையன்று. ஏப்ரல் 6 அன்று, புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் பிறப்பித்த தடையாணைதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்றே அதை நிறுத்திவைத்தது என்றாலும், மாதந்தோறும் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் விலகுவது இயல்பாக உள்ள தொழிலில், புதியவர்களைச் சேர்க்க இயலாத நிறுவனம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும் என்பதைச் சந்தாதாரர்களும் முதலீட்டாளர்களும் நன்கு உணர்ந்திருந்தார்கள். தலைமை நிர்வாகி அந்த மாதமே பதவி விலகினார்.

செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு காப்புரிமைகள் மீறப்பட்டதை உறுதி செய்து, மூன்றாவதைப் பற்றிய தீர்ப்பையும் இழப்பீட்டுத் தொகையையும் ரத்து செய்து, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. தொடர்ந்து வாதாட இடமிருந்தும் வோனேஜ் அக்டோபரில் அதிகபட்சம் 12 கோடி டாலர் என்ற வரம்புடன் வெரைசனுடன் சமரசம் செய்துகொண்டது. தன்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்திருந்த வேறு இரு தொலைபேசி நிறுவனங்களுடனும் இப்படியே முடித்துக்கொண்டது: அதே மாதத்தில் ஸ்பிரின்ட் நிறுவனத்துக்கு 8 கோடி டாலர் தருவதற்கும், அடுத்த மாதம் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் தருவதற்கும் உடன்பட்டது.

இதில் என்னை மிகவும் வருத்துவது பின்னால் நடந்தது. எண்–முகவரி மாற்றம் பற்றிய அதே இரண்டு காப்புரிமைகளைக் கொண்டு வெரைசன், காக்ஸ் என்ற கேபிள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது, 2008-இல் ஜூரி அவ்விரண்டும் செல்லாதவை என்று முடிவு செய்தது; மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2010-இல் அதை ஏற்றது. வோனேஜ் கொடுத்த பணம் கொடுத்ததுதான். காப்புரிமையின் பலவீனம் வெளிப்படும்வரை தாக்குப்பிடிக்கும் வலிமை முதலில் வழக்கை எதிர்கொள்ளும் சிறிய நிறுவனத்துக்கு இருப்பதில்லை. இதை வெறும் சட்ட நுணுக்கமாகக் கருத என்னால் இயலவில்லை.

கேள்வி: தொழில்நுட்பத்தை மாற்றியமைத்து இத்தகைய வழக்குகளிலிருந்து தப்ப முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். வோனேஜும் மாற்று வழிகளை உருவாக்கிப் பயன்படுத்தத் தொடங்கியதாக 2007-இல் அறிவித்தது. ஆயினும் மாற்றம் இனிவரும் அழைப்புகளையே காப்பாற்றும்; அதற்கு முன் நடந்த மீறலுக்கான இழப்பீடு அப்படியே நிற்கும். தடையாணையைப் பொறுத்தவரை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஈபே என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் வழக்கில் 2006-இல் அளித்த தீர்ப்பின்படி, மீறல் நிரூபணமானதும் தடை தானாகக் கிடைப்பதில்லை. பணத்தால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு, பொதுநலன் முதலியவற்றை நீதிபதி எடைபோட வேண்டும்.

2012 செப்டம்பர் முதல், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலேயே ஒரு காப்புரிமையின் செல்லுந்தன்மையை மறு ஆய்வு செய்யக் கோரும் வழியும் உள்ளது. வழக்கில் எதிர்த்தரப்பாக உள்ள நிறுவனம், புகார் தனக்கு முறைப்படி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் இதற்கு மனுச் செய்தாக வேண்டும் என்பதால், முதல் நோட்டீஸ் வந்தவுடனேயே பழைய தொழில்நுட்ப ஆவணங்களைத் தேடத் தொடங்குவது இன்றியமையாதது.