உள்ளே விடை தரும் ரேடியஸ் சேவையகம் வைஃபைக்கு ஏன் விடை தருவதில்லை?

வெள்ளவத்தையிலுள்ள ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் கணினிப் பிரிவைக் கவனிக்கும் வாசகர் கேட்கிறார்: "நாற்பது பேரும் ஒரே வைஃபை கடவுச்சொல்லைப் பயன்படுத்தினோம். ஒருவர் விலகும்போதெல்லாம் அதை மாற்ற நேர்ந்ததால், ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவு தரும் ரேடியஸ் சேவையக மென்பொருளான ஃப்ரீரேடியஸை உபுண்டு இயங்குதளத்தில் நிறுவினேன். சேவையகத்திலேயே ராட்டெஸ்ட் கட்டளையால் சோதித்தால் அனுமதி கிடைக்கிறது. கைத்தொலைபேசியோ நெடுநேரம் காத்திருந்து தோற்றுப்போகிறது. என்ன பிழை?"

ஃப்ரீரேடியஸை நிறுவும்போதே சேவையகம் தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற உள்முகவரியும் அதற்கான இரகசியச் சொல்லும், யார் கேட்டால் விடை தரலாம் என்று பட்டியலிடும் கிளையன்ட் கோப்பில் எழுதப்பட்டுவிடும். ஆகவே உங்கள் சோதனை வெற்றி பெற்றதில் வியப்பில்லை. இங்கே கிளையன்ட் எனப்படுவது கைத்தொலைபேசி அன்று, வைஃபையைப் பரப்பி, தொலைபேசியின் கோரிக்கையைக் கொண்டுவரும் அக்சஸ் பொயின்ட் கருவி. பலர் தடுமாறும் இடம் இதுவே. அதன் முகவரி அந்தக் கோப்பில் இல்லையென்றால், சேவையகம் மறுப்புக்கூட அனுப்பாமல் கோரிக்கையைப் புறக்கணித்துவிடும். தொலைபேசி காத்துக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஊகிப்பதை விட நேரில் பார்ப்பது நல்லது. இயங்கும் சேவையை முதலில் நிறுத்திவிட்டு, நடப்பதையெல்லாம் திரையில் காட்டும் பெரிய எக்ஸ் எழுத்துத் தெரிவுடன் (-X) ஃப்ரீரேடியஸை மீண்டும் இயக்கி, தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். அறியாத கிளையன்ட் என்ற எச்சரிக்கை ஓடினால் முகவரியைச் சேர்க்க வேண்டும். இரகசியச் சொல் பிழை என்று காட்டினால், ஒட்டும்போது இறுதியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். திரையில் எதுவுமே அசையவில்லையென்றால் தீச்சுவரில் (ஃபயர்வால்) ரேடியஸ் பயன்படுத்தும் யூடிபி 1812, 1813 ஆகிய போர்ட்டுகள் மூடியிருக்கலாம், அல்லது அக்சஸ் பொயின்ட் பழைய 1645 போர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். அக்சஸ் பொயின்ட்டுக்கு நிலையான முகவரியையே கொடுங்கள். மின்வெட்டுக்குப் பின் முகவரிகளைத் தானாகப் பகிரும் டிஎச்சிபி வேறு முகவரியை வழங்கினால் இதே சிக்கல் திரும்பிவரும்.

இதைத் திருத்திய பின்னரும் இணைப்பு மறுக்கப்படலாம். ராட்டெஸ்ட் வழக்கமாகப் பாப் (PAP) முறையில் கடவுச்சொல்லையே அனுப்புகிறது. வைஃபையில் பெரும்பாலும் பீப் (PEAP) என்ற மறையாக்க உறை, அதனுள் கடவுச்சொல்லை அனுப்பாமலே நிரூபிக்கும் எம்எஸ்சாப் (MSCHAP) இரண்டாம் பதிப்பு. இம்முறைக்குச் சேவையகத்தில் கடவுச்சொல் வெளிப்படையாகவோ விண்டோஸ் பயன்படுத்தும் என்டி ஹாஷ் வடிவிலோ இருந்தாக வேண்டும். பீகிரிப்ட் (bcrypt) போன்ற வேறு ஹாஷ் வடிவில் சேமித்திருந்தால் ராட்டெஸ்ட் வெல்லும், வைஃபை தோற்கும். அந்நிலையில் டிடிஎல்எஸ் (TTLS) என்ற மறையாக்க உறைக்குள் பாப் முறையைப் பயன்படுத்துங்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது, சேவையகம் உண்மையானதே என்று காட்டும் சான்றிதழைப் பற்றி. நிறுவலோடு வரும் மாதிரிச் சான்றிதழை அப்படியே விட்டுவிட்டு, "சரிபார்க்க வேண்டாம்" என்று அழுத்தும்படி ஊழியர்களுக்குச் சொல்லாதீர்கள். அவ்வாறு பழகியவரின் தொலைபேசி, கொழும்பின் காலி வீதியில் யாரோ உங்கள் வைஃபை பெயரிலேயே வைத்த போலிக் கருவியையும் நம்பி, கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க உதவும் தரவை அதனிடம் ஒப்படைத்துவிடும். பிக்சல் தொலைபேசிகளில் 2020 டிசம்பர் புதுப்பிப்பிலிருந்து அந்தத் தெரிவே நீக்கப்பட்டது. சேவையகச் சான்றிதழுக்கு ஒப்பமிட அலுவலகத்துக்கென ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, ஒவ்வொரு கருவியிலும் நிறுவி, சேவையகத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள். நாற்பது பேருக்கு இது ஓரிரு நாள் வேலை.

2024 ஜூலையில் வெளியான, ரேடியஸ் நெறிமுறையின் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குத் திருத்தம் உள்ள ஃப்ரீரேடியஸ் பதிப்புக்கு மாறிவிடுங்கள். பழைய வைஃபை பெயரை எல்லோரும் மாறும்வரை அணைக்க வேண்டாம். உங்கள் அச்சுப்பொறிக்கு இந்த உள்நுழைவு முறை தெரியாவிட்டால், அதைக் கேபிளில் இணைத்துவிடுங்கள்.