இலவச சின்தசைசர்களில் எதில் தொடங்குவது?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் வசிக்கிறேன், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. சிறு வயதில் ஏழு ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றேன். இப்போது நண்பர்களின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆயத்த ஒலிகளையே மாற்றி மாற்றி வாசித்து அலுத்துவிட்டதால், ஒலியை நானே உருவாக்கும் சப்ட்ராக்டிவ் சின்தசிஸ் முறையைக் கற்க விரும்புகிறேன். இலவச மென்பொருள் சின்தசைசர்களில் எதை எடுப்பது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆறு இறக்கி வைத்திருக்கிறேன், எதிலும் ஒரு வாரம் நிலைக்கவில்லை. இலவசம் என்பதால் தரம் குறையுமா? கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்டு வாங்கியே ஆக வேண்டுமா? நாதஸ்வர ஒலியை இதில் கொண்டுவர முடியுமா?

பதில்: பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவிட்சர்லாந்தின் டோகு ஆடியோ லைன் இலவசமாக வழங்கும் டால் நாய்ஸ்மேக்கர். மற்றவற்றை அழித்துவிட வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதங்களுக்கு அவற்றைத் திறக்காதீர்கள்.

ஒலியின் அழகை வைத்து இதைப் பரிந்துரைக்கவில்லை. இதைவிடச் செவிக்கு இனியவை இலவசமாகவே இருக்கின்றன. கற்பவருக்கு வேண்டியது, ஒலி பிறப்பதிலிருந்து வெளியேறுவது வரையிலான பாதை முழுவதும் ஒரே திரையில், மறைவான பக்கங்களோ தாவல்களோ இல்லாமல், கண்முன் விரிந்திருக்கும் கருவி. 1970-ல் வந்த மினிமூக் மாடல் டி கருவியின் முகப்பு அப்படித்தான் அமைந்திருந்தது: இடப்புறம் மூல அலையை உருவாக்கும் ஆஸிலேட்டர்கள், அடுத்து அவற்றைக் கலக்கும் மிக்சர், அதற்கப்பால் அலையின் வேண்டாத பகுதியை வடிகட்டும் ஃபில்டரும், ஒலி எழுந்து தேயும் விதத்தை வகுக்கும் என்வலப்பும், கடைசியில் வெளியீடு. ஒரு குமிழைத் திருகினால் எந்த இடத்தில் என்ன மாறுகிறது என்பது விளக்கம் இல்லாமலே புரிந்தது. நாய்ஸ்மேக்கரிலும் ஆஸிலேட்டர்கள், ஃபில்டர், என்வலப்புகள், ஒலியை மெதுவாகவும் சீராகவும் அசைக்கும் எல்.எஃப்.ஓ. இரண்டு ஆகியவை ஒரே பலகையில் கிடைக்கின்றன. கற்கும் காலத்தில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

நீங்கள் இறக்கி வைத்திருக்கும் ஆறில் வைட்டல் நிச்சயம் இருக்கும் என்று நினைக்கிறேன். மேட் டைட்டெல் 2020-ல் வெளியிட்ட அது மிக நல்ல கருவி. அலைகள் அசைவதைத் திரையில் காட்டும் விதத்தில் அதற்கு இணையானவை குறைவு. ஆனால் அது வேவ்டேபிள் வகையைச் சேர்ந்தது. அதில் மூல அலையே நகர்ந்துகொண்டும் உருமாறிக்கொண்டும் இருப்பதால், கேட்கும் மாற்றம் ஃபில்டரால் வந்ததா அலையால் வந்ததா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது. மேலும், படம் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது காது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. என் அனுபவத்தில் இது சிறிய குறையன்று. சர்ஜ் எக்ஸ்டி இன்னொரு பெரிய கடல்: 'சீன்' எனப்படும் முழு ஒலியமைப்புகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று ஆஸிலேட்டர்கள், அவற்றுக்குப் பன்னிரண்டு வகை வழிமுறைகள். நீந்தத் தெரிந்த பிறகு இறங்க வேண்டிய இடம் அது. லினக்ஸ் பயன்படுத்துவோர் அதிலேயே தொடங்க விரும்பினால், 'இனிட் சா' என்ற வெற்றுத் தொடக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, ஒரு ஆஸிலேட்டரையும் ஒரு ஃபில்டரையும் தவிர மற்ற எதையும் தொடாமல் இருக்கும் கட்டுப்பாடு வேண்டும். பெர்லினின் யூ-ஹி நிறுவனத்தின் டைரல் என்6 நாய்ஸ்மேக்கருக்கு மிக நெருங்கிய மாற்று. ஒலியில் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். நாய்ஸ்மேக்கர் உங்கள் கணினியில் ஏதோ காரணத்தால் ஓட மறுத்தால் தயங்காமல் அதற்கு மாறலாம்.

இலவசம் என்பதால் தரம் குறையுமா என்ற ஐயம் இந்தத் துறையில் பெரும்பாலும் பொருந்தாது. சர்ஜ் முதலில் விலைக்கு விற்கப்பட்ட மென்பொருள். அதை எழுதிய கிளாஸ் யோஹன்சன் 2018-ல் மூல நிரலைத் திறந்துவிட்டார். வைட்டலின் இலவசப் பதிப்புக்கும் கட்டணப் பதிப்புக்கும் முதன்மையான வேறுபாடு உடன்வரும் ஆயத்த ஒலிகள், அலைத் தொகுப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கையே தவிர, ஒலியை உருவாக்கும் இயந்திரம் இரண்டிலும் ஒன்றுதான்.

இனி, அந்த மூன்று மாதங்களில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட இதுவே முக்கியம். ஆயத்த ஒலிகளைத் திறக்காதீர்கள். ஒரு ஆஸிலேட்டரை மட்டும் விட்டு மற்றவற்றின் ஒலியளவைச் சுழியாக்குங்கள்; எதிரொலி, கோரஸ் போன்ற அலங்காரங்களை அணைத்துவிடுங்கள். அலைவடிவமாக ரம்பப்பல் அலையைத் தேர்ந்து, ஃபில்டரை லோ-பாஸில் (ஓர் எல்லைக்குக் கீழுள்ள அதிர்வெண்களை மட்டும் விடும் வகை) வைத்து, அந்த எல்லையாகிய கட்ஆஃபை முழுவதும் திறந்துவிட்டு, ஆறு கட்டையின் சட்ஜத்தை, அதாவது 110 ஹெர்ட்ஸ் வரும் விசையை, அழுத்திப் பிடியுங்கள். கரகரப்பான, கூர்மையான ஒலி வரும். அந்த அலையில் 110 மட்டும் இல்லை. 220, 330, 440, 550, 660 என அதன் எல்லா முழு மடங்குகளும், இரண்டாவது பாதி வலிமையிலும் மூன்றாவது மூன்றில் ஒரு பங்கிலுமாகப் படிப்படியாகக் குறைந்துகொண்டே, அடுக்கடுக்காக இருக்கின்றன. இப்போது கட்ஆஃபை மெதுவாக இறக்குங்கள். மேலடுக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஏறக்குறைய வெறும் 110 மட்டும் முனகலாக எஞ்சும். முதலில் எல்லாவற்றையும் கொட்டிவைத்து, வேண்டாததைப் பின்னர் நீக்கும் இந்த வழிதான் சப்ட்ராக்டிவ் என்று அழைக்கப்படுகிறது.

வாய்ப்பாட்டு கற்ற உங்களுக்கு அடுத்த படி ஒரு பரிசாகவே அமையும். ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு (கட்ஆஃப் எல்லையை ஒட்டிய ஒலியைப் பெருக்குவது ரெசனன்ஸ்; அது ஏறும்போது சில அதிர்வெண்கள் திடீரென்று பெருகிக் காதைத் தாக்கும்), ரெசனன்ஸை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். அதே சட்ஜத்தைப் பிடித்தபடி கட்ஆஃபை அடியிலிருந்து மேலே மிக மிக மெதுவாக நகர்த்துங்கள். ஃபில்டர் ஒவ்வொரு அடுக்கையும் தொட்டுத் தொட்டுச் செல்லும்போது ச, மேல் ச, ப, அதற்கும் மேல் ச, பிறகு அந்தர காந்தாரம், மீண்டும் ப என்று தனித்தனிச் சுரங்களாகச் சீட்டியடிக்கும். ஏழாவது அடுக்கில் நம் கைசிகி நிஷாதத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு நிஷாதம் கேட்கும். அது பிழையன்று, இயற்கையான ஏழாம் மடங்கு அங்கேதான் இருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுவதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இந்த ஐந்தாம் அடுக்குதான். பெங்களூரிலேயே உருவான ராடெல் மின்னணுத் தம்புராவோ கைப்பேசித் தம்புராவோ வீட்டில் இருந்தால், அருகில் ஒலிக்கவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு அலையைச் சதுர வடிவத்துக்கு மாற்றி அதே பயணத்தைச் செய்யுங்கள். இம்முறை மேல் சட்ஜம் வராது: சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு என்பதால் ச-விலிருந்து நேராக ப-வுக்குத் தாவும். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியில் கேட்கும் அந்தக் குழிவான நாதத்துக்கு இதுவே காரணம். இரண்டையும் மாறி மாறிக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல முடிந்தால் முதல் வாரப் பாடம் முடிந்தது.

என்வலப்பைக் கற்க வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டிய கணத்தில் ஒலி உச்சத்தைத் தொட்டு உடனே தேயத் தொடங்குகிறது; விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அது நிலைப்பதில்லை. ஆகவே அட்டாக் (ஒலி எழும் நேரம்) சுழி, டிகே (தேயும் நேரம்) நீளம், சஸ்டெயின் (விசையைப் பிடித்திருக்கும்போது நிலைக்கும் அளவு) சுழி. இத்துடன் நிறுத்தினால் வீணையாகாது. தேயும் தந்தியில் கூர்மையான மேலடுக்குகளே முதலில் மறைகின்றன என்பதால், ஃபில்டருக்கான என்வலப்பையும் அதே வடிவில், ஆனால் சற்றுக் குறுகிய டிகேயுடன் அமைத்து, அது கட்ஆஃபை எவ்வளவு தூக்க வேண்டும் என்ற அளவைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டு என்வலப்புகளின் உறவு பிடிபட்டதும், குழுவில் நீங்கள் வாசித்த ஆயத்த ஒலிகளில் பாதியின் உள்கட்டு தெரிந்துவிடும். இரண்டாவது ஆஸிலேட்டரை அதற்குப் பிறகே திறவுங்கள். 440 ஹெர்ட்ஸில் அதை 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலக்கினால் ஏறக்குறைய 442 ஆகும். வினாடிக்கு இரண்டு முறை ஒலி அலைபாயும். எல்.எஃப்.ஓ. குறித்து ஒரே எச்சரிக்கை: அது தரும் அசைவு சீரானது, கமகம் அப்படியன்று. கமகத்துக்கு எல்.எஃப்.ஓ.-வை நாடாமல் பிட்ச் பெண்ட் சக்கரத்தைக் கையாளப் பழகுங்கள்.

நாதஸ்வரத்தைப் பொறுத்தவரை நேர்மையான விடை, அச்சு அசலாக வராது என்பதே. அதற்கு உண்மையான வாசிப்பைப் பதிவுசெய்து அடுக்கிய சாம்ப்ளர் வேண்டும். ஆனால் முயன்று பார்ப்பது சிறந்த பயிற்சி. சீவாளியும் கூம்பு வடிவக் குழலும் சேர்ந்து எல்லா மடங்குகளையும் எழுப்புவதால் ரம்பப்பல் அலையே தொடக்கம். கட்ஆஃபை உயரத்தில் வைத்துக் கொஞ்சம் ரெசனன்ஸ் சேர்த்தால் மூக்கொலி வரும். அதன் பின்னும் உயிரற்று இருக்கும், ஏனெனில் வித்வான் மூச்சைக் கூட்டும்போது ஒலி பெரிதாவதோடு பிரகாசமும் கூடுகிறது. மாடுலேஷன் சக்கரத்தைக் கட்ஆஃபுடன் இணைத்து, வாசித்துக்கொண்டே அதை அசைத்துப் பாருங்கள்.

கருவி விஷயத்தில் உடனடிச் செலவு எதுவும் வேண்டாம். குழுவில் வாசிக்கும் கீபோர்டின் பின்புறம் சதுர வடிவ யூ.எஸ்.பி. துளை இருந்தால், எஸ்.பி. ரோட்டில் பிரிண்டர் கேபிள் என்று கேட்டு வாங்கும் சாதாரணக் கம்பியே அதைப் பெரும்பாலும் மிடி கீபோர்டாக்கிவிடும். நாய்ஸ்மேக்கர் ஒரு பிளக்கின் என்பதால் அதை ஏற்றிக்கொள்ளும் மென்பொருள் ஒன்று தேவை: மேக் கணினியில் கராஜ்பேண்ட் போதும், விண்டோஸில் டிராக்ஷன் நிறுவனத்தின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ போதும். அலுவலக மடிக்கணினியில் இவற்றை நிறுவ முயல வேண்டாம், ஐ.டி. பிரிவு அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அங்கே உணவு இடைவேளையில் பயில விரும்பினால், ஏபிள்டன் நிறுவனம் பிரவுசரிலேயே இயங்கும்படி வைத்திருக்கும் லேர்னிங் சின்த்ஸ் என்ற இலவசப் பாடம் எதையும் நிறுவாமல் ஓடும்.

விசையை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வந்தால் குற்றம் சின்தசைசருடையதன்று. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1024 மாதிரிகள் என்றிருந்தால் அதனால் மட்டும் 23 மில்லிவினாடி தாமதம்; 256-க்கு இறக்கினால் 6-க்கும் கீழே வரும். விண்டோஸில் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவிக்கொண்டு இதைச் செய்யுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனை இந்த வேலைக்கு அறவே தவிர்த்துவிடுங்கள். அது சேர்க்கும் தாமதத்தை எந்தப் பஃபர் மாற்றமும் குறைக்காது. மடிக்கணினியின் ஸ்பீக்கரும் உதவாது. 110 ஹெர்ட்ஸ் அதில் பெரும்பாலும் கேட்காது என்பதால், மேலே சொன்ன முதல் பயிற்சியில் கட்ஆஃபை இறக்க இறக்க ஒலியே மறைந்துபோக, மென்பொருளில்தான் ஏதோ பழுது என்று எண்ணி ஏழாவது சின்தசைசரைத் தேடப் போய்விடுவீர்கள். கம்பியுள்ள சாதாரண ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.