'மறுத்தார்' என்றால் இல்லை என்றாரா, தவறென்று காட்டினாரா?

ஒருவரின் வாதம் தவறு என்று காரணம் காட்டி நிறுவுவதைக் குறிக்க 'மறுத்தல்' என்ற வினை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் அதைத் துணையில்லாமல் விடக் கூடாது என்பது மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட என் அனுபவம்.

இவ்வினையின் பொருளை அதற்கு முன்னால் வரும் சொல்லே பெரும்பாலும் முடிவு செய்கிறது. 'வர மறுத்தார்' என்றால் இணங்கவில்லை. 'குற்றச்சாட்டை மறுத்தார்' என்றால் அது உண்மையல்ல என்று சொன்னார், அவ்வளவுதான். காரணம் எதுவும் காட்டியிருக்க வேண்டியதில்லை. 'வாதத்தை மறுத்தார்' என்னும்போதுதான் ஐயம் எழுகிறது. பக்கம் பக்கமாகச் சான்றுகளை அடுக்கிய ஓர் ஆய்வாளரைப் பற்றி 'அக்கருத்தை அவர் மறுத்தார்' என்று வந்திருந்த வரியை ஒருமுறை அப்படியே விட்டுவிட்டேன். அச்சான பிறகு படித்த நண்பர், "இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாரா?" என்று கேட்டார். 'சான்று காட்டி மறுத்தார்' என்று திருத்தியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

இந்த வேறுபாட்டை நன்னூல் முன்பே கண்டிருக்கிறது. எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளை, அடுக்கும் நூற்பா 'உடன்படல், மறுத்தல்' என்று தொடங்கி, 'பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவு' என்பதை மூன்றாவதாகத் தனியே வைக்கிறது. எதிராளியின் கொள்கையை முதலில் ஒப்புக்கொண்டு, அவர் வழியிலேயே சிறிது தூரம் சென்று, பிறகு அதை நீக்குவதே இந்த மூன்றாவது முறை. நீங்கள் தேடும் பொருளுக்கு மிக நெருங்கியது இதுதான் என்பேன். களை பிடுங்குகிறவர் எது களை, எது பயிர் என்று குனிந்து பார்த்தாக வேண்டும். வரப்பில் நின்றபடியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

'மறுதலித்தல்' என்பதைச் சிலர் 'மறுத்தல்' என்பதன் கனமான வடிவமாக எண்ணி எழுதுகிறார்கள். தமிழ் விவிலியத்தில் பேதுரு இயேசுவை மறுதலித்தபோது அங்கே வாதமே இல்லை. தனக்கு அவரைத் தெரியாது என்று கைவிட்டதுதான் இருக்கிறது. 'முறியடித்தார்' என்று எழுதினால் வென்றவர் யார் என்ற தீர்ப்பையும் நீங்களே வழங்கிவிடுகிறீர்கள். செய்தியில் அது ஆகாது, விமர்சனத்தில் ஆகும். 'எதிர்வாதம் செய்தார்' என்பதில் அந்தத் தீர்ப்பு இல்லை.

பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'மறுப்புரை' என்று எழுதுங்கள். 'மறுப்பு வெளியிட்டார்' என்றால் அது இரண்டு வரி அறிக்கையாகவும் இருக்கலாம். 'மறுப்புரை எழுதினார்' என்றால் படிப்பவர் காரணங்களை எதிர்பார்ப்பார்.