140 மீட்டர் சரி, எங்கிருந்து அளந்தீர்கள்?

கேள்வி: காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கு 140 மீட்டர் தள்ளி எங்கள் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்ப நினைக்கிறோம். 100 மீட்டர் தாண்டிவிட்டதால் எந்த அனுமதியும் வேண்டாம் என்கிறார் புரோக்கர். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் மனை பறிபோகுமா?

பதில்: கோயில் விமானத்திலிருந்து கைபேசி வரைபடத்தில் கோடு இழுத்து அளந்திருந்தால் அது செல்லாது. பாதுகாக்கப்பட்ட எல்லையின் விளிம்பிலிருந்துதான் கணக்கு. மத்தியத் தொல்லியல் துறையிடம் அந்த எல்லையைக் கேட்டு, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடத்தோடு சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். முக்தேஸ்வரர், மதங்கேஸ்வரர் போன்ற சிறு கோயில்களும் அத்துறையின் பட்டியலில் உண்டு. பக்கத்தில் அப்படி எது இருந்தாலும் அதிலிருந்தும் அளக்க வேண்டும்.

140 சரியாகவே இருந்தாலும் புரோக்கர் சொல்வது தவறு. 100 மீட்டர் வரை தடைப்பகுதி. அங்கிருந்து 300 வரை ஒழுங்குமுறைப் பகுதி. அதில் கட்டத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு தடையில்லாச் சான்று வேண்டும். சட்டப்படி 15 நாள், 2 மாதம், 1 மாதம் என மூன்று கட்டம். நடப்பில் இழுக்கும். அந்த இழுபறியில்தான் ‘நான் வாங்கித் தருகிறேன்’ ஆசாமிகள் பிழைக்கிறார்கள். விண்ணப்பம் இணையவழிதான், நீங்களே போடலாம்.

அளந்ததில் 95 மீட்டர் என்று வந்துவிட்டால்? புதுக் கட்டடம் கிடையாது. 16-6-1992-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் அனுமதி கேட்கலாம். பழைய வீட்டுவரி ரசீது, பத்திரம் எல்லாம் இதற்குத்தான் உதவும். புதுப்பிப்பது வேறு, இடித்துக் கட்டுவது வேறு. அதே அளவில், அதே உயரத்தில் கட்டினாலும் அது மறுகட்டுமானம்தான். தடைப்பகுதியில் அதற்கு இடமில்லை. ஒரு சுவரை மட்டும் நிற்கவைத்து மற்றதை எழுப்பிவிட்டு ‘ரெனோவேஷன்’ என்று காட்டச் சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள். 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட, உங்கள் தலையில்தான் விழும்.

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பிளான் அப்ரூவல் மேசையில் யாரும் கேட்கமாட்டார்கள். இத்தனை பழைய ஊரில் இது அபத்தம். நீங்களே பக்கத்து மனையில் தோண்டிய குழியைப் பாருங்கள். சாம்பல் நிறப் பொலபொல மண்ணில் உடைந்த பானை ஓடு, கரி, எலும்பு கலந்திருந்தால் அது பழைய குடியிருப்பு அடுக்கு. ஓடே இல்லாத சுத்த மணலோ களிமண்ணோ வந்தால் இயற்கை மண். கடைக்காலை அதுவரை இறக்காவிட்டால் வீடு அமுங்கும். தூர்ந்த உறைகிணறு இருந்தால் இன்னும் மோசம். மண் பரிசோதனைத் துளை இரண்டு அடி தள்ளி இறங்கினாலே அது தெரியாமல் போய்விடும். அந்த அடுக்கு தெரிந்தால் ஜேசிபியை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் இறங்குங்கள்.

பானை ஓடு கிடைத்ததற்காக மனை போகாது. சிலையோ நாணயமோ வந்தால் எடுக்காமல், இருந்த இடத்திலேயே படமெடுத்து விஏஓவுக்குச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால்தான் வழக்கு. ‘ஓசைப்படாமல் விற்றுத் தருகிறேன்’ என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.